உடையாத கைக்குக் கட்டு

எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரில் திருப்பதி பஸ் ஏறிய பெண்ணின் வலது கை முழுக்கக் கட்டு. கூடவே பச்சிலையும் முட்டையும் கலந்த வாசனை. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

“நீங்க உக்காருங்க சார். கை உடையல.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். முன்பே ஏறியிருந்த அவளுடைய அத்தை பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டார்: “உடையாத கைக்கு இன்னாத்துக்குடி கட்டு போட்டுக்கினு வர்ற?”

“ஆராய்ச்சிக்கு அத்தே. எம்.எஃப்.ஏ. சிற்பப் படிப்புல சிலை மட்டும் செஞ்சா பத்தாது, அதப் பத்தி ஆராய்ச்சியும் பண்ணணும். கட்டுப்போட்ட கையத்தான் களிமண்ணுல செய்யறேன். உள்ள இருக்கற கைக்கு எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா?”

“வைத்தியரு சும்மா கட்டிட்டாரா?”

“வழுக்கி வுழுந்துட்டேன், உயிரு போவுதுன்னு சொன்னேன்.”

“எப்ப அவுக்கணுமாம்?”

“பத்து நாளு. அதுவரிக்கும் அசைக்கவே கூடாதாம்.”

“சிலைய எப்ப குடுக்கணும்?”

“வர்ற வெள்ளிக்கிழமை. இன்னும் பாதிகூட முடியல அத்தே.”

அத்தை அந்தக் கட்டை ஒருமுறை பார்த்தார். “எந்தக் கையால செய்வ?”

வடமாலைப்பேட்டை தாண்டியதும் அவள் முதலில் இடம் கொடுத்தவரிடம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

“சார், நான் உக்காந்துக்கறேன்.”