ஃபாயில் சுற்றிய டப்பா

கறிவேப்பிலை வாங்க, இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் வரை போக வேண்டியதில்லை. எங்கள் சுகர் லேண்டிலேயே கிடைக்கும். ஆனால் அங்கேதான் இளசாக இருக்கும், என் மனைவி வள்ளிக்கும் அதுதான் பிடிக்கும். அன்று காரை ஏன் அங்கே நிறுத்தினேன் என்று கேட்கிறீர்கள். கறிவேப்பிலைக்காகத்தான். மற்றதெல்லாம் அப்புறம் நடந்தது.

வள்ளியை நான் அதட்டியதுகூட இல்லை. அவளுக்கு வயிற்றுவலி வரும்போதெல்லாம் லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான். அவளுக்கு ஆங்கிலம் தடுமாறும், அதனால் நானே பேசுவேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வீட்டில் டென்ஷன் உண்டா என்பார்கள். அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை என்பேன். என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நீங்களே சொல்லுங்கள். சஷ்டி விரதம் இருந்தால் அவளுக்கு வலி வரும். காப்பெல் ஊரில் இருக்கும் அவள் அக்கா சாந்தி வீட்டுக்குப் போய் மூன்று வேளையும் சோறும் பாயசமும் சாப்பிட்டால் போய்விடும். யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் எண்ணெய்க் குழாய்களில் விரிசல் தேடும் இன்ஜினியர். கண்ணால் காணாததை நம்ப மாட்டேன். நடிக்கிறாள் என்று ஈரோட்டில் அம்மாவிடம் சொன்னேன், கோயிலில் பழகியவர்களிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சாந்தி மட்டும் ஒப்புக்கொள்ளாமல், வள்ளியைப் புதிதாக ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

அவர் வள்ளியிடமே நேராகப் பேசினார். அபூர்வமான பரம்பரை நோயாக இருக்கலாம், பட்டினி கிடந்தால் முற்றும், மருந்து உண்டு என்றார். வலி வரும் நாளில் சிறுநீரைப் பிடித்து, வெளிச்சம் படாமல் லேபில் கொடுக்க வேண்டும். இந்த நோய் இருந்தால், வெயில் பட்டதும் அதன் நிறம் மாறும்.

வலி வந்த காலையில் வள்ளி சுவரில் சாய்ந்துகொண்டு டப்பாவுக்கு ஃபாயில் சுற்றி, லேபில் கொடுக்க என்னிடம் தந்தாள்.

"வெயில் படாம பாத்துக்குங்க. இதுலயாச்சும் தெரிஞ்சுட்டாப் போதுமுங்க."

ஹில்கிராஃப்டில் ஃபாயிலைப் பிரித்து, டப்பாவைக் காரின் முன்கண்ணாடியோரம் வெயிலில் வைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை, சோதித்துப் பார்க்கத்தான். கறிவேப்பிலை வாங்கி, பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். டப்பாவுக்குள் நன்னாரி சர்பத்தின் நிறம்.

அவள் ஒருநாளும் நடிக்கவில்லை என்று அங்கேயே புரிந்துவிட்டது. மனசு கனத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் சாந்தி என்ன சொல்வாள் என்பதும் காதில் கேட்டது. "அன்னைக்கே சொன்னேனில்லீங்க தம்பி." அம்மாவிடம் என்ன சொல்வது, கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது? டப்பாவோடு ஓட்டல் கழிப்பறைக்குப் போனேன். அவளுடையதைக் கொட்டினேன். கழுவி, என்னுடையதைப் பிடித்தேன். ஃபாயிலைக் கசங்காமல் சுற்றி லேபில் கொடுத்தேன்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. இன்னொரு முறை எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவளுக்கு வீண் அலைச்சல் என்று நான்தான் தடுத்தேன்.

"அப்ப எல்லாம் என் மனசுலதானுங்களா?" என்று வள்ளி கேட்டாள்.

"ஆமா வள்ளி. முருகன் மேல பாரத்தப் போடு. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இரு."

பட்டினி கூடாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் விரதத்தைத் தடுத்திருந்தால், ரிப்போர்ட்டை நானே நம்பவில்லை என்று ஆகியிருக்கும்.

சூரசம்ஹாரத்துக்கு முன்பே அவளுக்குக் கைகால் விழுந்துவிட்டது, பிறகு மூச்சும். ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த சாம்பிளில் நோய் தெரிந்தது. முதல் டப்பா எப்படி நார்மல் ஆயிற்று என்று அப்புறம்தான் விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்க ஆரம்பித்தீர்கள். இப்போது மருந்து ஏறுகிறது. மெஷின்தான் மூச்சு விடுகிறது. பிழைத்துவிடுவாள் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

கண் விழித்தால் அவளிடமும் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.