கன்னம் வைக்கும் இடம்

— “பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. துப்பாக்கிக் கட்டையில் அக்கா கன்னம் வைக்கும் மேட்டை இரண்டு நூல் அளவு, கால் அங்குலம், அதிகமாக இழைத்துவிட்டேன். தவறு என்னுடையது.” வகுப்பு நோட்டுல இப்படித்தான்க்கா எழுதியிருக்கேன்.

— சாயங்காலத் தச்சு வகுப்புல இழைக்கக் கத்துக் குடுப்பாங்கன்னு பாத்தா, அழக் கத்துக் குடுத்திருக்காங்க. கொண்டா இங்க, தோள்ல வச்சுப் பாக்குறேன்.

— பாத்துப் பிடி. குழலைப் பொருத்தியிருக்கேன், குண்டு இல்ல. எதிர்ச் சுவத்துல கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கேன், அதுக்குக் குறி வை.

— அக்ரூட் மர வாசனை. பழைய கட்டையும் இப்படித்தான்டா மணக்கும். அப்பா தேய்க்கிற எண்ணெயில என் வலது கன்னம் எப்பவும் பளபளன்னு இருக்கும். தலையணை உறையெல்லாம் கறை. “கட்டையைக் கட்டிக்கிட்டா படுத்தே”ன்னு அம்மா கேப்பாங்க.

— உன் பையைத் தூக்கிட்டு நான் பின்னாலயே ஓடி வருவேன். சுட்ட அட்டையை என்கிட்டதான் குடுப்பே. நடுவுல ஒரே ஓட்டை, பத்து குண்டும் அதுக்குள்ளயே போயிருக்கும். பள்ளிக்கூடத்துல காட்டினா, உங்கக்கா ஒரு தடவைதான் சுட்டிருக்கான்னானுங்க.

— அதுக்கு அவனுங்களை அடிச்சுட்டு, சட்டையில ஒரு பொத்தான்கூட இல்லாம வந்து நின்னியே.

— பேச்சை மாத்தாதக்கா. கன்னம் உக்காருதா?

— உக்காருது.

— எங்க உக்காருது? தலை கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது. பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு.

— கழுத்து கொஞ்சம் பிடிச்சிருக்கு.

— கழுத்து இல்லக்கா, மேடு தாழ்ந்துபோச்சு. இந்த அட்டைத் துண்டைக் கன்னத்துக்கு அடியில வச்சுப் பாரு. இப்போ?

— இப்பவும் அப்படித்தான்.

— விரிசல் விட்ட பழைய கட்டையை அளந்து அப்படியேதான் வரைஞ்சேன். எங்க விட்டேன்னே தெரியல. இருந்ததே இந்த ஒரு அக்ரூட் துண்டு, அடுத்த மாசம் போட்டி. பத்து வருஷம் கழிச்சு நீ திரும்பச் சுட வர்றே, நான் கெடுத்து வச்சிருக்கேன்.

— நீ ஒண்ணும் கெடுக்கலடா.

— அப்போ தலையை நேரா வை. எப்பவும் போல இடது கண்ணை மூடிட்டு, வலது கண்ணால புள்ளியைப் பாரு.

— விடுடா.

— ஏன் மூட மாட்டேங்குறே?

— மூடினா புள்ளி தெரியல.

— வேற என்ன தெரியுது?

— வெளிச்சம் தெரியுது. எதிர்ல ஒரு சுவர் இருக்குன்னு தெரியுது.

— எப்போலேருந்துக்கா?

— போன மழைக்காலத்துலேருந்து. வலது கண்ணு இனிமே அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட சொன்னா நீ கட்டையில ரம்பத்தையே வைக்க மாட்டே. அதான் சொல்லல.

— வலது கன்னத்துக்குன்னு எல்லாம் செதுக்கி முடிச்சுட்டேனே.

— அந்தப் பக்கம்தானே முடிச்சே. இடது கன்னம் வைக்கிற பக்கம் உளி வச்சியா?

— இன்னும் வைக்கல. மரம் அப்படியே இருக்கு.

— அப்போ மூக்கைத் துடை. நாளைக்கு வகுப்பு விட்டதும் நேரா இங்க வா. என் இடது தோளுக்கு அளவு எடுக்கணும்.