கத்தினால் பட்டனை அமுக்கவும்

எனக்கு இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. பதினாறு வயதிலிருந்து பன்னிரண்டு வருடம் சாயப்பட்டறையில் ஈரத்துணி தூக்கியவன் நான். காய்ந்த துணியை மடித்து அடுக்குகிறவர்களுக்கு ஈரத்துணியின் கனம் தெரியாது. அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் ஐயா நிதானமாக எழுதட்டும். நான் எங்கும் போகப் போவதில்லை.

பெயர் காசிமாயன். சொந்த ஊர் தேனிப் பக்கம், இருப்பது மண்ணரையில் ஒரு லைன் வீட்டில். அருள்புரத்தில் தண்டாயுதபாணி முதலாளியின் பனியன் கம்பெனியில் பத்து வருடமாக டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி ஒரு கேரவன் வாங்கினார். உள்ளே இரண்டு கட்டில், சோபா, சின்ன அடுப்பு, ஏசி. வண்டி நிற்கும்போது ஏசி ஓடுவதற்குப் பின்பக்கப் பெட்டியில் ஒரு ஜெனரேட்டர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தால் அதில்தான் கூட்டிப்போவோம். பையர் இல்லாத நாளில் குடும்பம் கோயில் குளத்துக்குப் போகும். முகூர்த்த நாளில் வாடகைக்கும் விடுவார்கள்.

அந்த வண்டிக்குள் சுவரில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. உள்ளங்கை அகலம். ஜெனரேட்டர் புகையில் ஒரு வாயு இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. மூடின இடத்தில் சேர்ந்தால் தூங்குகிறவன் தூங்கினபடியே போய்விடுவான். அது சேர்ந்தால் அந்த டப்பா கத்தும். ஏழு வருடம் உழைக்கும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. நான் எழுத்தை நம்புகிறவன். எட்டாவது படிப்போடு நின்றவனுக்கு அச்சில் இருப்பதெல்லாம் வேதம்.

எட்டாவது மாதம் அது கத்தியது. பழனிக்குப் போகிற வழி, தாராபுரம் தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தோம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே முதலாளியின் மருமகன் பூபாலன், மகள் சித்ரகலா, இன்னும் ஏழெட்டுச் சொந்தக்காரர்கள். நான் கதவைத் திறந்து எல்லோரையும் இறங்கச் சொன்னேன். உச்சி வெயில். ஒருவரும் அசையவில்லை. சித்ரகலாம்மா மட்டும் செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கினார்.

"காசியண்ணன் சொன்னா எறங்கோணுமுங்க. உசுரு போனா வருங்களா?" என்றார்.

அவர் இறங்கியதால் மற்றவர்களும் இறங்கினார்கள். அரை மணி நேரம் தார் ரோட்டோரம் நின்றார்கள். ஜெனரேட்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. டப்பாதான் கெட்டுப்போய்க் கத்தியிருக்கிறது.

மறுநாள் கம்பெனிக்குள் நுழைந்தபோது பனியனில் குறை பார்க்கும் செக்கிங் மேஜைக்குப் பக்கத்திலிருந்து பூபாலன் வாயைக் குவித்து, "கீ... கீ... கீ... கீ" என்றார். நான்கு தடவை, அந்த டப்பா கத்துகிற மாதிரியே. நாற்பது பெண்கள் சிரித்தார்கள்.

இந்த ஊரில் யாரையும் வா போ என்று சொல்லமாட்டார்கள். பூபாலனும் என்னை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "ஏனுங்க கீக்கீ அண்ணா, சாப்டீங்களா?" என்றுதான் கேட்பார். அவர் வயது முப்பத்தொன்று, என் வயது நாற்பத்தாறு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் திட்டினால் திருப்பித் திட்டலாம். 'ங்க' போட்டுத் துப்பினால் எப்படித் திருப்பித் துப்புவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

புது டப்பா மாட்டினேன். அது ஏழு மாதத்தில் கத்தியது. அன்றைக்கு உள்ளே இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பையர். மழை. அவரைச் சாக்ஸோடு ரோட்டில் இறக்கி நிறுத்தினேன். பாஷை தெரியாது, கையைப் பிடித்து இழுத்தேன் என்பது உண்மை. அதுவும் பொய்க் கத்தல்தான். அந்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனதற்கு அது காரணமில்லை என்று முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் பூபாலன் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"நாலு கன்டெய்னர் துணிங்க. நம்ம கீக்கீ அண்ணன் கையப் புடிச்சு இழுத்து மழையில உட்டுட்டாருங்க."

தண்டாயுதபாணி முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "காசி, நீங்க நல்லதுக்குத்தான் பண்றீங்க, எனக்குத் தெரியுமுங்க. இனி அது கத்துனா அமுக்கிப்போட்டு அக்கட்டால போயிருங்க. நீங்க கத்தாதீங்க" என்றார். அடுத்த வாரம் டப்பாவுக்குக் கீழே பூபாலன் லேமினேட் செய்த ஓர் அட்டையை ஒட்டினார். 'கத்தினால் பயப்பட வேண்டாம். பட்டனை அமுக்கவும்.' நீங்களும் பார்த்திருப்பீர்கள். போட்டோவில் இருக்கிறது.

டப்பாக்கள் ஏன் இப்படி அற்பாயுசில் போகின்றன என்று கண்டுபிடித்தவன் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் எழுதுவதில்லை. மண்ணரையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சனாவுல்லா பாயிடம்தான் எல்லா டப்பாவும் வாங்கினோம். செத்துப்போன இரண்டாவதை அவர் மேஜையில் வைத்தபோது அவர் அதை எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

"ஏப்பா காசி, வண்டிக்குள்ள என்னத்தப்பா அடிக்கிறீங்க? பனியன் கம்பெனி வாடை வருது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் செக்கிங்கில் ஒரு துப்பாக்கியால் கெமிக்கல் அடித்து எடுப்பார்கள். கேரவன் சோபாவில் யாராவது குழம்பைக் கொட்டிவிட்டால், வாட்டர் வாஷ் கடைக்கு அனுப்பக் காசு எதற்கு என்று அதே துப்பாக்கியோடு இரண்டு பெண்களை வண்டிக்குள் விடுவார் பூபாலன். தூசி வராமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் கேரவனை அப்படிச் சுத்தம் பண்ணமாட்டான். அந்த ஆவி டப்பாவின் உயிரைத் தின்றுவிடுகிறது. சாவதற்கு முன்னால் கண்டபடி கத்தும், பிறகு நிஜமாகவே விஷம் வந்தாலும் வாயைத் திறக்காது.

போய்ச் சொன்னேன். பூபாலன் கைகட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "டாக்டர் கீக்கீ சொல்லீட்டாருங்க. டப்பாவுக்கு மூச்சுத் திணறலாமுங்க" என்றார். வாட்ச்மேன்வரை சிரித்தான். மூன்றாவது டப்பா ஒன்பதாவது மாதம் செத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் என் கைக்காசில் நான்காவதை வாங்கினேன். பங்குனி கடைசியில். பில் போடுங்கள் என்று பாயிடம் நானே கேட்டு வாங்கினேன், என் பெயரில். செத்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் புதியதை மாட்டினேன். கறை எடுக்கப் பெண்கள் வரும் நாளில் அதைக் கழற்றி பாலிதீன் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். அவர்கள் போய், கதவைத் திறந்துபோட்டு, வாடை அடங்கிய பிறகு மறுபடி மாட்டுவேன். ஏன் செய்தாய் என்கிறீர்கள். உயிருக்குப் பாதுகாப்பு என்றுதான். இரண்டு வருடத்தில் அந்த வண்டியில் கெமிக்கல் படாத நல்ல டப்பா இருந்தது அந்த மூன்று வாரம்தான். அது பொய் சொல்லாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அவிநாசித் தேருக்கு வருகிறேன்.

அன்று காலை வண்டியைத் துடைக்கும்போது ஜெனரேட்டர் புகை வெளியேறும் சைலன்சர் பைப்பின் இணைப்பு விட்டிருந்ததைப் பார்த்தேன். நான் கழற்றவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். தானாக விட்டிருந்தது. இறுக்குவதற்குப் பத்து நிமிடம் போதும், ஸ்பேனர் கையில்தான் இருந்தது. அந்த நேரம் பூபாலன் வந்து, "தேருக்கு நேரமாச்சுங்க, கீக்கீ அண்ணன் வண்டிக்குப் பூசையே போட்டுட்டு இருக்காருங்க" என்றார். சித்ரகலாம்மா அவரை முறைத்தார். நான் ஸ்பேனரை உள்ளே வைத்துவிட்டேன்.

தேர் நிலைவிட்டு நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, மதியம் பூபாலனும் சித்ரகலாம்மாவும் வண்டிக்குத் திரும்பினார்கள். முதலாளி கோயில் கமிட்டிக்காரர்களோடு மண்டபத்தில் தங்கிவிட்டார். ஒரு காம்பவுண்டுச் சுவர் நிழலில் வண்டியின் பின்புறம் சுவரை ஒட்டும்படி நிறுத்தச் சொன்னார் பூபாலன். நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால் புகை சுவரில் முட்டித் திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும். ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். போட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். சொன்னதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அதற்குத்தானே சம்பளம்.

இருநூறு அடி தள்ளி ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போன் வந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி பேசினோம் என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது. தண்ணீர் கேன் கேட்டார் என்று முன்பு சொன்னேன். தண்ணீர் கேட்கவில்லை.

"அண்ணா, இது கத்துதுங்க" என்றார் சித்ரகலாம்மா. பின்னால் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. "அவரு அசந்து தூங்கறாருங்க. எனக்கும் தல கனமா, ஒரு மாதிரி வருதுங்க. வெயிலுக்கான்னு தெரியல. இந்தத் தடவ நெசமுங்களா?"

அவர் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நான் யோசித்தேன். மனிதன் யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டும், இரண்டு மூச்சு. நெசம் என்று சொன்னால் அவர் புருஷனை எழுப்புவார். இருவரும் இறங்குவார்கள். கொஞ்ச நேரம் காற்றாட நிற்பார்கள், தலைவலி போய்விடும். பூபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாயைக் குவிப்பார். உயிரோடு இருக்கிறவனிடம் நீ சாகவிருந்தாய் என்று எப்படி நிரூபிப்பது? நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. சாகும்வரை நான் கீக்கீதான்.

"பொய்தான்மா" என்றேன். "எப்பவும் போலத்தான். அந்தப் பட்டனை அமுக்கிட்டுப் படுங்க."

"கதவக் கொஞ்சம் தொறந்து வெக்கட்டுங்களா?"

"தொறந்தா கூலிங் போயிடும்மா. அவரு சத்தம் போடுவாரு. படுங்க. அஞ்சு நிமிசத்துல நானே கூப்பிடுறேன்."

"செரிங்ணா. நீங்க சொன்னாச் செரி."

டீ குடித்தேன். அதற்கு மேல் ஒரு வடையும் தின்றேன்.

மூன்று மணிக்கு மேல் போய்க் கதவைத் திறந்தேன். டப்பா கத்திக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினால் ஐந்து நிமிடம் அடங்கும், விஷம் இருந்தால் மறுபடி கத்தும். நல்ல டப்பாவின் குணம் அது. பூபாலன் கட்டிலில் இருந்தார். சித்ரகலாம்மா கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் இருந்தார். இருவருக்கும் மூச்சு இல்லை. நான் முதலில் செய்தது, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே போய், நல்ல டப்பாவைக் கழற்றி, பையிலிருந்த செத்த டப்பாவை மாட்டியது. பிறகு ஜெனரேட்டரை நிறுத்தினேன். பிறகு கூச்சல் போட்டேன்.

உங்கள் ஆட்கள் அந்தச் செத்த டப்பாவைச் சோதித்தார்கள். ஏழு வருடம் வர வேண்டியது ஒன்பது மாதத்தில் பழுது என்று பேப்பரில் வந்தது. போலிச் சரக்கு விற்றதாக சனாவுல்லா பாயைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் விற்றது அசல். அதைச் சொல்லத்தான் வந்தேன். பில் புத்தகத்தில் நான்காவது டப்பாவுக்கு என் பெயர் இருப்பதை நீங்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நானாகவே வந்தேன் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அந்த டப்பா என் வீட்டு அரிசி டிரம்முக்குள் பாலிதீன் கவரில் இருக்கிறது. இன்னும் வேலை செய்யும்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரே மகள். "காசி, நீங்க அப்பவே சொன்னீங்க. நாங்க கேக்கலீங்க. நீங்க சொன்னதுதானுங்க செரி" என்றார். செக்கிங் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் என் இடுப்பு வலிக்கவில்லை.

பழி வாங்கினேன் என்று எழுதாதீர்கள். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. சித்ரகலாம்மா என்னைத் தங்கமாக நடத்தினார், அவரைப் பற்றி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். நம்புகிற ஒரு ஆள் இருந்ததால்தான் அந்தப் போனே வந்தது. வேறு யாராக இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவரே இரண்டு தடவை கூப்பிட்டார், மணி அடித்து ஓய்ந்தது. போன் மேஜைமேல்தான் இருந்தது. யாரிடமும் எதுவும் பாக்கி வைக்கிற பழக்கம் எனக்கில்லை. சித்ரகலாம்மாவுக்கு மட்டும் ஒரு போன் பாக்கி.