நீல டிரம்முக்கு மிக நன்று

"விஷத்துக்கு 'மிக நன்று' போட்டுட்டேன்கா."

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் என் எதிர் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சாயங்காலம் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறவள் என்பது பேச்சில் தெரிந்தது. அவள் பக்கத்தில் இருந்த அம்மாவின் கழுத்தில் பேங்க் அடையாள அட்டை.

"இன்னாடி உளர்ற?"

"புக்கத் தொறந்தாலே தூங்குறாங்கக்கா. அதான், ஊட்ல கீற சாமான் மேல இன்னா எழுதிக்கீதோ, அதப் பாத்து எழுதிக்கினு வாங்கன்னு சொன்னேன். எல்லாரும் சோப்பு, டீத்தூள்னு எழுதியாந்தாங்க. ஒரு அம்மா மட்டும் முழுசா ரெண்டு வரி. எழுத்து அவ்ளோ அழகு. மிக நன்றுன்னு போட்டு, எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். அப்புறந்தான் இன்னா எழுதிக்கீதுன்னே படிச்சேன்."

"இன்னா எழுதியிருந்தாங்க?"

"'விஷம். இதில் குடிநீர் பிடிக்கக் கூடாது.' கம்பெனிலேர்ந்து காலியா வந்த நீல டிரம்மு. நாலு வருசமா அதுலதான் தண்ணி புடிச்சி குடிக்கிறாங்களாம்."

"ஐயோ! அந்தம்மாவுக்குப் புரியலியா?"

"எழுத்தத்தான கத்துக்குடுத்தேன். கை தட்டுனதும் அவங்களுக்கு ஒரே சிரிப்பு."

பேங்க்காரம்மா போனை எடுத்தார்.

"ஏங்க, நம்ம தண்ணி டிரம்முல இன்னா எழுதிக்கீதுன்னு பாருங்க. இல்லீங்க, நான் ஒருநாளும் படிச்சதில்ல."