கேமரா நின்ற நேரம்

கல்யாண வீட்டுப் படங்களை நான் ஜேபெக்கில்தான் எடுப்பேன், சார். கேமராவே படத்தைச் சுருக்கி, வேண்டாததைத் தள்ளிவிட்டுக் கொடுத்துவிடும். யாரும் குறை சொன்னதில்லை. எனக்கென்று எடுப்பது 'ரா' ஃபைலில். கேமரா பார்த்தது அத்தனையும் அதில் கிடக்கும். இருட்டில் இருப்பதைக்கூடப் பிறகு வெளிச்சமாக்கிப் பார்க்கலாம். ஒரே தொல்லை, ஃபைல் பெரிது. விடாமல் அழுத்தினால் கேமரா திணறி, கார்டில் ஏற்றி முடிக்கும்வரை நின்றுவிடும்.

ஹனீபும் நானும் தாராவியில் ஒரே பிளாஸ்டிக் பட்டறையில் மூட்டை சுமந்தவர்கள். நான் தப்பித்தேன். அவன் அங்கேயே இருந்தான். லைசென்ஸ் இல்லாத இடம். பூட்டிக் கிடப்பதுபோல் தெரிய, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே வேலை நடக்கும். அன்று மதியம் அவன் வேலை செய்வதைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

"தாப்பாளப் போட்டுட்டுப் போலே, ரவூபு" என்றான். போட்டேன்.

சந்து திரும்புமுன் புகை வந்தது. ஓடிவந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஓடித்தான் வந்தேன்.

கதவை ஒட்டிக் கம்பி போட்ட ஜன்னல். அதில் அவன் முகம், பின்னால் நெருப்பு. அப்படி ஒரு வெளிச்சம் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது.

"என்னலே, படம் புடிக்க நான் என்ன புதுமாப்ளயா? தாப்பாள எடுலே" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். முதல் படங்களில் அது இருக்கிறது. அடுத்தவற்றில் இல்லை.

"மெஷின் பத்திட்டுலே. தொறலே."

அப்போது கேமரா நின்றது. தாழ்ப்பாள் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திறந்தால் வெளியே வந்துவிடுவான். வெளியே வந்து உட்கார்ந்து இருமுகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்? கேமராவின் சிவப்பு விளக்கு அணையட்டும் என்று நின்றேன். அணைந்ததும் மறுபடி எடுத்தேன். அதற்குள் கம்பியில் கை மட்டும்தான் இருந்தது.

புகைப்படப் போட்டியில் முதல் பரிசு அந்தக் கைக்குத்தான். படத்தில் எதையும் மாற்றவில்லை என்று காட்ட, ரா ஃபைல்கள் அத்தனையும் கேட்டார்கள். கொடுத்தேன். இருட்டை வெளிச்சமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில், கையெட்டும் தூரத்தில், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்திருக்கிறது.

ஏன் திறக்கவில்லை என்று அவன் பெண்டாட்டி சபா கேட்டாள். அவளுக்கு இந்தத் தொழில் புரியாது. உங்களுக்குப் புரியும், சார். ஜேபெக்கில் எடுத்திருந்தால் கேமரா நின்றிருக்காது, என் கையும் படமெடுக்காமல் சும்மா இருந்திருக்காது. என் தப்பு அது ஒன்றுதான்.