ஐஸ் போட்ட சுண்டல்

வேலை தேடித் திண்டிவனம் போகச் செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி புருஷனிடம் கேட்டாள்:

"யோவ், சுண்டல்ல எவனாவது ஐஸ் போடுவானா?"

"அதும் பேரு ஹாலோ ஹாலோ. துபாய்ல எங்கூட வேலை செஞ்ச பிலிப்பைன்ஸ்காரன் கத்துக்குடுத்தான். காராமணி, சோளம், பாலு, ஐஸு. வெயிலுக்கு அவங்க ஊர்ல அதான்."

"கோட்டை ஏறி எறங்கறவங்க உன் தள்ளுவண்டி போர்டைப் படிச்சிட்டு, 'ஹலோ ஹலோ'ன்னு கைய ஆட்டிட்டுப் போறாங்க. மூணு நாளா ஒரு கிளாஸ் போவல."

"இன்னா பண்றது? திரும்ப துபாய்க்கே போயிடட்டுமா?"



"வாணாம். சுண்டலத் தனியா வித்துடு, ஐஸ் பாலத் தனியா வித்துடு."

"அடியே, ஹாலோ ஹாலோன்னாலே கலக்கறதுன்னுதான் அர்த்தம்."

"அது பிரிஞ்சி கெடந்தா கெடக்கட்டும். நீ இங்கியே இரு."