இந்த வாரத்துப் பிணம்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. படப்பிடிப்புத் தளத்தில் இவ்வளவு சூடாகக் கொடுக்க மாட்டார்கள்.

நீங்களும் எங்கள் துப்பறியும் தொடரை விடாமல் பார்ப்பவர் என்று வெளியே நிற்கும் காவலர் சொன்னார். அப்படியென்றால் என்னை உங்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். வாராவாரம் முதல் காட்சியில் பிணமாகக் கிடந்தவன் நான்தான். குளியல் தொட்டியில், கார் டிக்கியில், நூலகத்து ஏணிக்கடியில். தாடி, விக், கண்ணாடி என்று மேக்கப்காரர் என்னை வாரத்துக்கு ஒரு ஆளாக மாற்றிவிடுவார்.

சும்மா படுத்துக் கிடக்க என்ன திறமை வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. தூங்குகிறவன் பிணத்துக்கு உதவ மாட்டான் ஐயா. நெஞ்சு ஏறி இறங்கும், கேமரா காட்டிக் கொடுத்துவிடும். துப்பறிவாளராக நடிப்பவர் என் தலைமாட்டில் நின்று முழ நீளத்துக்கு வசனம் பேசி முடிக்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒருமுறை மூக்கின்மேல் எறும்பு ஊர்ந்தது. அதுவும் நம்பிவிட்டது போலிருக்கிறது, கடிக்கவில்லை.

வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. "இந்த வாரம் எப்படிச் சாகுறீங்க? பக்கத்து வீட்டுக்காரி கேட்டுத் தொளைக்கிறா" என்பாள் மனைவி. சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் என் சாவைப் பற்றி அளந்துவிடாத நாளில்லை. சந்தோஷமாக இருந்தோம்.

அப்புறம்தான் டைரக்டர் தன் மச்சினனை அழைத்து வந்தார். வேலைவெட்டி இல்லாதவர், வாய் ஓயாதவர், மற்றபடி நல்ல மனிதர். டைரக்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஒரே மூஞ்சி எத்தனை தடவைதான் சாகும்? ஜனங்க கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்ச நாள் மேசை, கட்டிலெல்லாம் நகர்த்திப் போடுற வேலையைப் பாருங்க."

சம்பளத்தில் குறை வைக்கவில்லை. காசுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மச்சினனுக்குப் படுத்தாலே சிரிப்பு வரும். அடக்கினால் வயிறு குலுங்கும். டேக் மேல் டேக் போனது. அந்த வாரம் வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். பிணம் மூச்சு விட்டது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சின்னவள் என் மடியில் ஏறி, "அப்பா, நீங்க இனிமே சாகவே மாட்டீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா. சொல்ல வெட்கமில்லை.

அடுத்த வாரம் படுக்கையறைக் காட்சி. மச்சினனுக்கு நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் தூக்க மாத்திரை கலந்தது உண்மை. சிரிக்காமல் கிடக்கட்டும், தொடர் கெட்டுப்போகக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை. பிரமாதமாகக் கிடந்தார். துப்பறிவாளர் மொத்த வசனத்தையும் பேசினார், கேமரா முகத்துக்குக் கிட்டே போய்விட்டு வந்தது, ஓர் இமை அசையவில்லை. ஒரே டேக். டைரக்டர் கை தட்டினார். "பாத்தீங்களாண்ணே, தேறிட்டான்" என்றார். அப்புறம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். மச்சினன் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்பது நியாயம்தான். தூங்குகிறவன் மூச்சு விடுவானே என்று நானேதான் சொன்னேன். விட்டார். லைட் போடுமுன் படுக்கையைச் சரிசெய்யப் போனபோது நெஞ்சு நன்றாகவே ஏறி இறங்கியது. தலையணை கையில்தான் இருந்தது. முகத்தில் வைத்து, அது நிற்கும்வரை அழுத்தினேன். அப்புறம் தலைக்கடியில் ஒழுங்காக வைத்து, கலைந்த முடியையும் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இந்த வழக்கை அவர்கள் தொடரில் எடுக்காமல் விட மாட்டார்கள். மச்சினனாகப் படுக்க ஆள் தேவைப்படும். டைரக்டரின் கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிடும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் ஐயா. வீட்டுக்கு ஆள் அனுப்பினால் சின்னவளிடமும் சொல்லச் சொல்லுங்கள், அப்பா மறுபடியும் சாகப் போகிறார் என்று. ரொம்ப சந்தோஷப்படுவாள்.